ஆடையும் நம்பிக்கையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது தமிழர் நாவில் வழங்கும் பழமொழி. அந்த இரண்டாவது பாதியை வாயிலிலேயே களைந்து வைத்துவிட்டு, கணவனும் மனைவியும் பிள்ளைகளுமாக ஒரு குடும்பம் ஒரு மன்றத்துக்குள் நுழைகிறதென்றால், எதை நம்பி நுழைகிறது? இவ்வொரு வினாவே இவ்வுரையின் பொருள்.

மேனாட்டார் 'நேச்சுரிசம்' என வழங்குவது ஆடையின்றிக் கூடிப் பழகும் இயற்கை வாழ்வு நெறி. இதற்கென அமைந்த மன்றங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு 1953-ஆம் ஆண்டில் பிரான்சின் மொந்தாலிவே என்னும் கடற்கரையூரில் உருவாயிற்று. தன்மதிப்பு, பிறர் மதிப்பு, சுற்றுச்சூழல் மதிப்பு ஆகிய மூன்றையும் வளர்ப்பதே இந்நெறியின் நோக்கம் என்று 1974-இல் அது வரையறுத்தது. காமம் இந்நெறிக்குப் புறம்பானது என்பதை மன்றங்கள் பலவும் வலியுறுத்துகின்றன.

இத்தகைய மன்றங்களுள் முதலாவது என்று வரலாற்றில் குறிக்கப்பெறுவது ஐரோப்பாவில் தோன்றவில்லை. பம்பாயை அடுத்த தாணேயில் தோன்றியது. 1891-ஆம் ஆண்டில் அங்கு மாவட்ட நீதிபதியாக இருந்த சார்லஸ் எட்வர்டு கோர்டன் கிராஃபோர்டு என்ற ஆங்கிலேயர் அதனை நிறுவினார். அச்செய்தி இன்று தெரியவருவது, அவர் இங்கிலாந்தின் கவிஞர் எட்வர்டு கார்ப்பெண்டருக்கு எழுதிய கடிதங்களால். உறுப்பினர் மூவரே: நீதிபதி ஒருவர், மற்றை இருவர் உடன்பிறந்த இளைஞர்கள். துளசி ஏரிக்கரையில் அவர்கள் கூடினர். 1892-இல் நீதிபதிக்கு இரத்தினகிரிக்கு மாற்றலாயிற்று; மன்றமும் முடிந்தது. 1894-இல் அவரும் மறைந்தார்.

மூவர் கூடிய அச்சிறு மன்றத்தின் பெயரில் 'டிரஸ்ட்' என்ற சொல் இருந்தது. சட்டம் அறிந்தவருக்கு அது அறக்கட்டளை, மற்றவர்க்கு நம்பிக்கை. நீதிபதி எப்பொருளில் வைத்தாரோ, பின்வந்த மன்றங்கள் அனைத்தும் இரண்டாம் பொருளையே அடித்தளமாகக் கொண்டன. ஆடையைக் களைவதற்கு ஒரு நொடி போதும். களைந்தபின் அஞ்சாமல் நிற்பதற்கு எதிரே நிற்பவர்மீது நம்பிக்கை வேண்டும்.

இங்கிலாந்தில் 1922-இல் தோன்றிய கழகமொன்று தன்னை 'ஜிம்னோசஃபி' என்ற சொல்லால் அழைத்துக்கொண்டது. அலெக்சாந்தருடன் வந்த கிரேக்கர், தட்சசீலத்தில் கண்ட ஆடையற்ற இந்திய ஞானியர்க்கு இட்ட பெயரே அச்சொல்லின் வேர். அக்கழகத்தாரிற் சிலர் 1924-இல் எசெக்ஸ் மாவட்டத்து விக்ஃபோர்டில் 'மூனெல்லா' என்னும் குழுவைத் தொடங்கினர். அங்குச் சேர்வோர் தம் சொந்தப் பெயரை விடுத்துப் புனைபெயர் பூண்டனர். புனைபெயரின் அருமை இந்த அவைக்குத் தெரியாததன்று. கவிஞர் புனைபெயர் பூண்பது பெரும்பாலும் விருப்பத்தால். அவர்கள் பூண்டது அச்சத்தால். செய்தி வெளியே கசிந்தால் ஆசிரியர் வேலை போகும். அண்டை வீட்டார் முகம் திரும்பும். உடலை மறைக்காதவர்கள் பெயரை மறைத்துக்கொள்ள நேர்ந்தது.

செருமனியின் வரலாறு இன்னொரு பாடம் சொல்கிறது. பெர்லினில் அடால்ஃப் கோக் என்ற ஆசிரியர் 1920-களில் தொழிலாளர் குடும்பங்களுக்கென ஆடையற்ற உடற்பயிற்சிப் பள்ளிகளை நடத்தினார். இருண்ட குடியிருப்புகளில் முடங்கிய உடல்களுக்குக் காற்றும் வெளிச்சமும் கிடைக்கச் செய்வதே அவர் கருத்து. அதே நாட்டில் அதே நெறியைப் பேசிய ரிச்சர்டு உங்கெவிட்டர் போன்றோரோ அதனை இனத்தூய்மைக் கொள்கையோடு பிணைத்தனர். 1933-இல் நாத்சிகள் ஆட்சிக்கு வந்ததும் கோக்கின் பள்ளிகள் மூடப்பெற்றன. ஆகவே, ஆடையைக் களைந்தவுடன் மனிதர் சமமாகிவிடுவர் என்பது முழு உண்மையன்று. உடையில் இருந்த ஏற்றத்தாழ்வு தோலுக்கு இடம்பெயரவும் கூடும். உடுப்பைக் களைவோர் உள்ளத்து இறுமாப்பையும் களைந்தாலன்றி, மன்றம் மன்றமாகாது.

இனி, இன்று ஒரு குடும்பம் சேரும் முறையைக் காண்போர் வியப்படைவர். அது அத்துணைச் சாதாரணமானது. முதலில் ஒரு கடிதம் அல்லது தொலைபேசி. பின்னர் நிருவாகிகளுடன் நேர்முக உரையாடல். இடத்தைச் சுற்றிப் பார்த்தல். உறுப்பினராகுமுன் சில முறை வந்து தங்கிப் பார்த்தல். கணவன் மனைவியரில் ஒருவர் மட்டும் விரும்பி வந்தால், மற்றவர் இதனை அறிவாரா என்று கேட்கும் மன்றங்கள் உண்டு. தனித்து வரும் ஆடவரின் எண்ணிக்கைக்கு வரம்பு விதித்த மன்றங்களும் உண்டு. உட்காருமிடத்தில் தத்தம் துண்டை விரித்தே அமர வேண்டும். இசைவின்றிப் படம் எடுத்தலாகாது. உற்றுநோக்கலும் தகாத பேச்சும் வெளியேற்றத்துக்கு உரிய குற்றங்கள். பிள்ளைகள் பெற்றோரின் பொறுப்பில் இருப்பர். உடுத்தியிருக்க விரும்பும் பிள்ளையை ஒருவரும் வற்புறுத்தலாகாது.

இவ்விதிகளுள் எத்தனை உடலைப் பற்றியவை என்று எண்ணிப் பார்க்கத் தகும். பெரும்பாலானவை கண்ணைப் பற்றியவை, நாவைப் பற்றியவை, பிறர் விருப்பத்தைப் பற்றியவை. வெளியுலகில் துணி செய்யும் வேலையை உள்ளே ஒழுக்கம் செய்கிறது. அவ்வொழுக்கம் ஓரிடத்தில் கிழிந்தால், அதைப் போர்த்திக்கொள்ள வேறு துணி இல்லை. ஆதலால்தான், மணவாழ்வில் மனைவியின் தயக்கமோ கணவனின் தயக்கமோ இங்குப் புறக்கணிக்கத் தக்கதன்று. இருவரில் ஒருவர் கட்டாயத்தால் வந்தாரெனில், வாயிலிலேயே நம்பிக்கை முறிந்துவிட்டது. 'வேண்டா' என்று சொல்லும் உரிமை இருக்கும் இடத்தில்தான் 'வருகிறேன்' என்பதற்குப் பொருள் உண்டு.

உள்ளே நடப்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. முதல் அரை மணிக் கூச்சம் தணிந்ததும் தேநீர், தோட்ட வேலை, நீச்சல், பந்தாட்டம். டென்னிசுக்குரிய பெரிய ஆடுகளம் அமைக்க இடமில்லாத இங்கிலாந்து மன்றங்களுக்கென 1930-களில் 'மினிட்டென்' என்ற சிற்றாட்டமே உருவாயிற்று. அறுவைத் தழும்பும் பிள்ளைப்பேற்றின் வரிகளும் முதுமையின் தளர்ச்சியும் அங்கு மறைக்க வேண்டியவை அல்ல. விளம்பரப் பலகையின் குறையற்ற உடல்களையே கண்டு, தம் உடலை வெறுக்கப் பழகியோர்க்கு அக்காட்சி ஓர் ஆறுதல்.

ஆடையின்மை தமிழ் மண்ணும் அறியாததன்று. சமண முனிவரைத் தமிழர் 'அமணர்' என்றனர். 'அம்மணம்' என்னும் சொல்லையும் அதனோடு தொடர்புபடுத்துவோர் உண்டு. ஆயினும் திகம்பர முனிவர் இல்லத்தையும் உறவையும் துறந்த பின்னரே ஆடையைத் துறந்தார். மேனாட்டு மன்றத்துக்கு வருவோரோ இல்லறத்தோடு வருகின்றனர். மாலையில் உடுத்திக்கொண்டு வீடு திரும்புகின்றனர். இது துறவன்று, ஒரு நாள் இளைப்பாறல். இரண்டையும் ஒன்றெனக் கொண்டு புகழ்வதும் பிழை, இழிப்பதும் பிழை. தமிழகத்தில் இத்தகைய மன்றம் வேண்டும் என்பது இவ்வுரையின் வாதமன்று. அறியாத ஒன்றை நகைத்து ஒதுக்காமல், அதன் உள்ளிருக்கும் அறத்தைக் காணல் வேண்டும் என்பதே.

நழுவும் ஆடையைப் பற்ற விரையும் கையை நட்புக்கு உவமையாக்கினார் வள்ளுவர். நண்பனின் இடுக்கணை அவ்வாறே விரைந்து களைவதே நட்பு என்றார். ஆடையே இல்லாத இடத்தில் அக்கைக்கு என்ன வேலை? அங்கும் அதற்கு வேலை உண்டு. பிறர் மானத்தைத் தன் கண்ணாலும் சொல்லாலும் காத்தல் என்னும் வேலை அது. துணி இருக்கும்போது அதனை மறந்துவிடலாம். துணி இல்லாதபோது ஒரு கணமும் மறத்தலாகாது.

திருத்தப்படாத கவிதையைக் கையில் ஏந்தி முதன்முறையாக இவ்வட்டத்துக்கு வந்த ஒவ்வொருவரும், கேட்போர் நகைக்கமாட்டார் என்னும் நம்பிக்கையோடுதான் எழுந்து நின்றனர். பத்தாண்டுகளாக அந்நம்பிக்கை இங்குக் காக்கப்பெற்றிருக்கிறது. இனியும் காக்கப்பெறுக.