தாபரிப்பும் தந்தையின் கடமையும்



தாபரிப்புப் பணம் கட்டத் தவறிய தந்தை, நிலுவை பெருகப் பெருகப் பிள்ளையின் முகத்தில் விழிக்கக் கூசி ஒளிந்து திரிவதை நாம் கண்டிருக்கின்றோம். அந்த மாதங்களில் தாய் கடன் வாங்கி அடுப்பெரிக்கின்றாள்.

நம் நாட்டில் தாபரிப்பு வழக்கை நீதவான் நீதிமன்றம் விசாரிக்கின்றது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டப்படி, கட்டாதவரின் சம்பளத்திலிருந்து பணத்தை அறவிடலாம்; தவறிய ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறையிலிடலாம். ஆயினும், தொழில் இழந்தவரோ நோயுற்றவரோ தம் நிலையைச் சான்றுடன் எடுத்துரைத்து, தொகையை மாற்றும்படி மன்றைக் கேட்கவும் அச்சட்டம் இடந்தருகின்றது. ஒளிந்திருப்பவருக்கு அந்த வழி திறவாது.

பிள்ளையைப் பார்ப்பது வேறு விடயம். "பார்க்க விடவில்லை, ஆகவே கட்டேன்" என்பதும் பிழை. "கட்டவில்லை, ஆகவே காட்டேன்" என்பதும் பிழை. உண்ணச் சோறும் தந்தையின் உறவும் பிள்ளைக்கு உரியவை. பெற்றோர் பண்டமாற்றுச் செய்வதற்குரியவை அல்ல.

இளைஞர்களே, அப்படி ஒருவர் உங்கள் அயலில் இருந்தால் ஏளனஞ் செய்யாது, மன்றுக்கு அவருடன் துணையாகச் செல்லுங்கள். பெரியோர்களே, தாய் வீட்டாருடன் பேசி, அவர்கள் சம்மதத்துடன், அவர் பிள்ளையைக் காண ஒரு நாளை ஒழுங்கு செய்யுங்கள். முதல் நாள் பிள்ளை பேசாதிருக்கலாம். அடுத்த வாரமும் அவர் சொன்ன நேரத்துக்கு வரட்டும். பிள்ளையின் நம்பிக்கை அப்படித்தான் மெல்ல மெல்லத் திரும்பும்.