சின்ன லேத்தும் பார்ட்டிங் டூலும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குச் சொந்த ஊர் திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் உள்ள கீழ்பென்னாத்தூர். கிணற்றுப் பாசனத்தில் நெல்லும் மணிலாவும் விளையும் பூமி. மோட்டார் நின்றால் பயிர் காயும். 1937-இல் கோவையில் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள். பிறகு பம்ப்செட் போன ஊருக்கெல்லாம் பின்னாலேயே லேத்துப் பட்டறையும் போனது. தேய்ந்த புஷ்ஷுக்குப் பதில் புதுசு கடைந்து தருவது அங்கேதான்.

கடைந்த புஷ்ஷைக் கம்பியிலிருந்து அறுத்தெடுப்பதுதான் பார்ட்டிங். கல்லூரியின் கனமான லேத்தில் இது பெரிய வேலையாகத் தெரியாது. மேஜைமேல் வைக்கும் சின்ன லேத்தில் செய்து பாருங்கள். கடகடவென்று அதிரும், டூல் உள்ளே பாயும், பட்டென்று ஒடியும். பலர் அத்தோடு ஹேக்ஸா பிளேடைத் தேடிப் போய்விடுகிறார்கள்.

காரணம் என்ன? வெட்டு விசை டூல் நுனியைக் கீழே அழுத்துகிறது. ஸ்லைடுகள் இளகி வளைந்துகொடுத்தால் நுனி பொருளுக்குள் இழுக்கப்படுகிறது. வெட்டு ஆழமாகி, விசை இன்னும் கூடுகிறது. ஆகவே கோளாறு மோட்டார் பலத்தில் இல்லை, பிடிப்பில் இருக்கிறது.

எனவே முதலில் ஜிப்களை இறுக்குங்கள், கேரேஜைப் பூட்டுங்கள். சக்கை ஒட்டியே அறுங்கள். டூல் சரியாக சென்டர் உயரத்தில், பொருளுக்கு நேர்செங்குத்தாக நிற்கட்டும். 25 மி.மீ. கம்பிக்கு டூல் 14 மி.மீ. நீட்டினால் போதும். மைல்டு ஸ்டீலில் எச்.எஸ்.எஸ். டூலுக்கு நிமிடத்துக்கு 160 சுற்று வைத்தால் வெட்டு வேகம் சுமார் 12½ மீட்டர் வரும். எண்ணெய் விட்டுக்கொண்டே சீராகத் தள்ளுங்கள். தயங்கினால் டூல் வெட்டாது, உரசும், முனை மழுங்கும். புஷ் என்றால் முதலிலேயே துளை போட்டுவிடுங்கள், சுவர் தடிமன் மட்டும் அறுத்தால் ஆயிற்று. மறுமுனையில் டெயில்ஸ்டாக் சென்டர் முட்டு வேண்டாம். அறும் தறுவாயில் துண்டு நெரிந்து டூலை ஒடிக்கும். கண்ணாடி போடாமல் எதையும் தொடாதீர்கள்.

இன்னொரு வழியும் உண்டு. இங்கிலாந்தின் ஜார்ஜ் எச். தாமஸ் விளக்கி எழுதிய பின்புற டூல் போஸ்ட் அது. டூலைக் கவிழ்த்துப் பின்பக்கம் வைப்பதால், வளைந்துகொடுத்தாலும் நுனி பொருளை விட்டு விலகுகிறது, உள்ளே பாய்வதில்லை.

தம்பிகளே, நாளை நீங்கள் சி.என்.சி.யில்தான் வேலை செய்வீர்கள். அங்கேயும் டூலை அளவுக்கு மீறி நீட்டினால் எந்த புரோகிராமும் காப்பாற்றாது. விசை எங்கே பிறக்கிறது, எதன் வழியாகப் போகிறது என்பதைப் பெரிய மெஷின் மறைத்துவிடும். சின்ன லேத்து முகத்திலடித்தாற்போல் சொல்லிவிடும். அடுத்த கோடை விடுமுறையில் உங்கள் ஊர்ப் பட்டறையில் பத்து நாள் நின்று பாருங்கள். வாசலில் ஒரு விவசாயி புஷ்ஷுக்காகக் காத்திருப்பார். அவருக்கு மார்க் ஷீட் வேண்டாம், இன்று மாலை தண்ணீர் வந்தால் போதும்.