செக்ரோலில் இருந்த பேர்

(கிழக்கு லண்டனில் நடந்த எமது கூட்டத்தில் பேசியது)



2025இல் டெக்சாஸில் தொகுதி எல்லைகளைத் திருத்தி வரைந்ததைப் பற்றிப் போன தடவை பேசினோம். ஒரு கட்சிக்கு ஐந்து ஆசனம் கூடக் கிடைக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. "இப்பிடியுமா செய்வாங்க?" என்று ஒரு தோழர் கேட்டார். இலங்கையில் கோட்டைத் தொடாமலே அதைச் செய்து காட்டினார்கள்.

என் பூட்டி தலவாக்கலைப் பக்கம் கொழுந்து எடுத்தவர். 1947இல் வாக்குப் போட்டார். அங்கே வென்றவர் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை. இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு மொத்தம் 7 ஆசனம். வேறு பல தொகுதிகளில் தோட்டத்து வாக்கு இடதுசாரிகளுக்குப் போனது. டி.எஸ். சேனாநாயக்க அரசுக்கு அது பொறுக்கவில்லை. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது, 1949இல் தேர்தல் திருத்தச் சட்டம். 1952 தேர்தலில் பூட்டியின் பேர் தோட்டத்து செக்ரோலில் இருந்தது, வாக்காளர் இடாப்பில் இல்லை. மலையகத்திலிருந்து ஒரு தமிழர்கூடத் தெரிவாகவில்லை.

சூட்சுமம் இனித்தான். சோல்பரி அரசியலமைப்பின்படி 75,000 பேருக்கு ஓர் ஆசனம், 1000 சதுர மைலுக்கு இன்னோர் ஆசனம். இந்த 75,000இல் வாக்கில்லாதவர்களும் சேர்த்தி. 1959இல் எல்லைகளை மீண்டும் வரைந்து, தெரிவாகும் உறுப்பினர் தொகையை 95இலிருந்து 151 ஆக்கியபோதும் பூட்டியின் தலையை எண்ணினார்கள். அந்தத் தலைக்கணக்கில் மலைநாட்டுக்குக் கிடைத்த ஆசனத்தைத் தெரிவு செய்தது பக்கத்துச் சிங்களக் கிராமம். ஆகவே அந்தக் கிராமத்து வாக்கின் எடை கூடியது.

வழக்குப் போடவில்லையா என்று கேட்பீர்கள். போட்டார்கள். கோடக்கன் பிள்ளை என்பவர் ருவன்வெல்லத் தொகுதி இடாப்பில் தன் பேரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்ட வழக்கு, 1953இல் இதே லண்டனில், டவுனிங் தெருவில் இருந்த கோமறைக் கழகம் வரைக்கும் வந்தது. ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமாகச் சட்டம் இயற்றக் கூடாது என்று 29ஆம் பிரிவு சொன்னது. ஆனால் தன் குடிமக்கள் யார் என்று தீர்மானிப்பது நாடாளுமன்றத்தின் இயல்பான அதிகாரம் என்று நீதிபதிகள் கைகழுவினார்கள்.

நம்மாட்களையும் விடக் கூடாது. ஜி.ஜி. பொன்னம்பலம் 1948இலேயே அந்த அரசில் மந்திரியானார். செல்வநாயகம் பிரிந்து 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு இதுவே பெரிய காரணம்.

இங்கே கணக்கு தலைகீழ். 2023 எல்லை மீளாய்வில், 2020 மார்ச் 2ஆம் தேதி இடாப்பில் பேர் இருந்தவர்களை மட்டுமே எண்ணினார்கள். ஒரு தொகுதிக்குச் சராசரி 73,393 பேர். வாடகை வீடு மாறி மாறிப் பதியாமல் விட்டவர்கள், வரைபடம் போடுகிறவர் கண்ணில் இல்லவே இல்லை. அப்படிப்பட்ட ஆட்கள் நம்ம தெருக்களில்தான் அதிகம்.

போன மாதம் ஈஸ்ட் ஹாமில் கதவு தட்டினோம். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ஒரு அக்கா, "நான் சிலோன் பாஸ்போட் தம்பி, எனக்கு இங்க என்ன ஓட்டு?" என்றார். இருக்கு அக்கா. இலங்கை, இந்தியா எல்லாம் காமன்வெல்த். செல்லுபடியான விசா இருந்தால் பதியலாம். வாசல்லயே நின்று போனில் பதிந்தோம். நேஷனல் இன்சூரன்ஸ் நம்பரைத் தேடத்தான் நேரம் போச்சு.

இந்தச் சனிக்கிழமையும் போறோம். காலை பத்து மணி, ஈஸ்ட் ஹாம் ஸ்டேஷன் வாசல். போனைச் சார்ஜ் பண்ணிட்டு வாங்க.