மேல்வாரமும் குடிவாரமும்: ஆரணி ஜாகீரின் நில உறவுகள்

1. ஜாகீரின் தோற்றம்

ஆரணி வட்டாரம் 14ஆம் நூற்றாண்டில் படைவீட்டைத் தலைநகராகக் கொண்ட சம்புவராயர் ஆட்சியில் இருந்தது. விஜயநகர இளவரசர் குமார கம்பணன் படையெடுப்புக்குப் பின் அது விஜயநகரப் பேரரசின் படைவீட்டு இராஜ்ஜியத்தில் சேர்ந்தது. படை வைத்துக் காப்பவருக்கு நிலவருவாயை விட்டுக்கொடுக்கும் நாயக்கத்தன முறை விஜயநகர ஆட்சியில் வேரூன்றியது. 1638 முதல் பீஜப்பூர் சுல்தானின் படைகள் தெற்கே வந்தன. அப்படையின் தளபதிகளுள் ஒருவரான ஷாஜி போன்ஸ்லேயிடம் பணியாற்றிய வேதாஜி பாஸ்கர் பந்த் ஆரணியை ஜாகீராக, அதாவது பணிக்கு ஈடான வருவாய் நிலமாக, பெற்றார். அவர் வழியினர் சுமார் மூன்று நூற்றாண்டுக் காலம் ஜாகீர்தார்களாக இருந்தனர். சத்தியவிஜயநகரம் அரண்மனையும் பூசிமலைக்குப்பம் கண்ணாடி மாளிகையும் அவர்கள் எழுப்பியவை.

2. ஐரோப்பிய மேனர் முறை

இடைக்கால ஐரோப்பாவிலும் போர்ப்பணிக்கு ஈடாகவே நிலம் வழங்கப்பட்டது. ஆனால் அங்கே மேனர் என்னும் பண்ணைக் கிராமத்தில் பிரபுவுக்குத் தனி நிலம் இருந்தது. சேர்ஃப் எனப்பட்ட குடியானவர் வாரத்தில் சில நாள் அந்நிலத்தில் கூலியின்றி உழைத்தார். பிரபுவின் ஆலையிலேயே மாவு அரைத்தார். பிரபுவின் அனுமதியின்றி ஊரைவிட்டுப் போக முடியவில்லை. வழக்குகளும் பிரபுவின் மன்றத்திலேயே தீர்க்கப்பட்டன.

தமிழகத்து ஜாகீரில் அதிகாரத்தின் மையம் விளைச்சலில் பெறும் பங்கு. அரசுக்குரிய மேல்வாரத்தைத் தண்டும் உரிமையே ஜாகீர்தாருக்குக் கிடைத்தது, உழுபவருக்குரியது குடிவாரம். அந்த இரண்டுக்கும் நடுவே எல்லை எங்கே என்பதே அடுத்த நூற்றாண்டுகளின் வழக்காயிற்று.

3. களத்துமேடு

வார முறை நடந்த ஊர்களில் அறுவடைக்குப் பின் நெல் களத்தில் அம்பாரமாகக் குவிக்கப்படும். பங்கு பிரிக்கும்வரை யாரும் அள்ளாதபடி அதன்மேல் முத்திரை குத்துவார்கள். கர்ணம் கணக்கு எழுத, மணியக்காரர் முன்னிலையில் அளவு நடக்கும். கோயிலுக்கும் தச்சர், கொல்லர், வண்ணார், தலையாரி, நீர்கட்டி முதலியோருக்கும் உரிய, சுதந்திரங்கள் எனப்பட்ட பங்குகள் முதலில் அளக்கப்படும். மீதியே மேல்வாரம், குடிவாரம் என்று பிரியும். அளவில் ஒரு மரக்கால் கூடினாலும் குறைந்தாலும் குடியானவர் வீட்டு அடுப்பில் அது தெரியும்.

இந்த வரிசையின் அடியில் இருந்தவர் படியாள். வாங்கிய கடனுக்காகத் தலைமுறை தலைமுறையாக ஒரே பண்ணையில் படிநெல்லுக்கு உழைத்தவர் அவர். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஐரோப்பிய சேர்ஃபுக்கு மிக நெருங்கியவர் இவரே. சேர்ஃபுக்கு உழுதுண்ணக் கொஞ்சம் நிலம் இருந்தது. படியாளுக்குப் பெரும்பாலும் அதுவும் இல்லை. 1843ஆம் ஆண்டின் 5ஆவது சட்டம் அடிமைத்தனத்துக்குச் சட்ட ஏற்பை நீக்கியது. கடன் கட்டு அதன் பிறகும் நீடித்தது.

4. தறியும் வரியும்

படியாளைப் போல நெசவாளர் நிலத்தோடு பிணைக்கப்படவில்லை. ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் ஓர் ஆண்டும் ஒரு நாளும் தங்கிய சேர்ஃப் விடுதலை பெறுவார் என்ற வழக்கம் இருந்தது. தமிழக நெசவாளருக்கு அத்தகைய தவணை தேவைப்படவில்லை. வரி மிகுந்தால் தறியை அவிழ்த்துக்கொண்டு வேறூர் போவதே அவருடைய எதிர்ப்பு. ஆயினும் தறிக்கும் வரி உண்டு. சோழர், விஜயநகரக் கல்வெட்டுகளில் தறியிறை இடம்பெறுகிறது. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் தறிகளும் தொழில்களும் மொகதர்பா வரிக்கு உட்பட்டன. பட்டால் இன்று பெயர்பெற்ற ஆரணியில் நெசவின் வரலாற்றை நிலவரியின் வரலாற்றோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

5. போர்க்களமாகிய ஜாகீர்

கர்நாடகப் போர்களிலும் பின்னர் ஆங்கிலேய-மைசூர்ப் போரிலும் ஆரணிக் கோட்டை முக்கிய இடம் வகித்தது. ஆர்க்காட்டு முற்றுகைக்குப் பின், 1751 டிசம்பரில், ராபர்ட் கிளைவ் மராத்தியக் குதிரைப்படையின் துணையோடு, பிரெஞ்சு ஆதரவு பெற்ற ராஜா சாகிப்பை இங்கே தோற்கடித்தார். மைசூரின் ஹைதர் அலி இக்கோட்டையைத் தன் படைக்கலக் கிடங்காக வைத்திருந்தார். 1782 ஜூன் 2 அன்று அவர் படையும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படையும் இங்கே மோதின. படைகள் கடந்த வழியெல்லாம் பயிரும் மாடும் பறிபோயின. எந்தக் கொடி வென்றாலும் சுமை உழுதவர்மேலேயே விழுந்தது.

6. சட்டமும் மிச்சமும்

1908ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் ஜாகீர்களையும் எஸ்டேட் என்னும் வரையறைக்குள் கொண்டுவந்தது. சாகுபடி செய்யும் ரயத்துக்கு நிலையான உழவுரிமை கிடைத்தது. பட்டாவும், அதற்கு ஈடாக ரயத்து எழுதித்தரும் முச்சலிக்காவும் சட்டத்தில் இடம்பெற்றன. 1948ஆம் ஆண்டின் 26ஆவது சட்டம் எஸ்டேட்டுகளை ஒழித்து ரயத்துவாரி முறைக்கு மாற்றியது. ஜாகீர்தாருக்கு இழப்பீடு கிடைத்தது. சொந்தப் பண்ணை நிலத்துக்கு அவரும் பட்டா பெற முடிந்தது. ரயத்து அரசுக்கு நேரே வரி செலுத்தும் பட்டாதாரர் ஆனார்.

பிரான்சில் 1789 ஆகஸ்டில் நிலப்பிரபுத்துவச் சலுகைகள் ஒழிக்கப்பட்டபோதும் நிலமற்றவர் நிலமற்றவராகவே இருந்தார். ஆரணியிலும் அதுவே நடந்தது. ஏற்கெனவே உரிமை உடையவரின் உரிமையைச் சட்டம் உறுதிசெய்தது. படியாளின் பெயர் பெரும்பாலும் பட்டாவில் ஏறவில்லை. ஜாகீர் ஒழிப்பு மாபெரும் நீதி என்பதில் ஐயமில்லை. உழைத்தவர் அனைவருக்கும் அது நிலத்தைத் தரவில்லை என்பதும் அதே அளவு உண்மை.