வித்தைச் சுமக்கும் வெளிமான்

கோடியக்கரை என்றதும் உங்களுள் பலருக்குப் பறவைகளே நினைவுக்கு வரும். ஆயினும், 1967ஆம் ஆண்டில் அவ்விடம் சரணாலயமாக்கப்பட்டது முதன்மையாக வெளிமானின் பொருட்டே. அதன் பெயரைக் கவனியுங்கள். புதரில் ஒளிந்து வாழும் மானன்று அது. பகையைத் தொலைவிலேயே கண்டுகொள்ளும் கண்ணும், ஓடித் தப்பும் காலுமே அதற்குக் காவல். ஆகவே அதற்கு வெட்டவெளி வேண்டும்.

அந்த வெளியைத்தான் சீமைக் கருவேலமரம் மறைத்து வருகிறது. அமெரிக்கக் கண்டத்தின் வறண்ட நிலங்களுக்குரிய இம்மரம், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பிறகு விறகுக்கும் வேலிக்குமாக நாமே விரும்பி வளர்த்தோம். என் பாட்டனாரும் களத்துமேட்டைச் சுற்றி அதனை வைத்தவர்தாம். எனவே அம்மரத்தைப் பழித்துப் பேசும்பொழுது என் குரல் சற்றுத் தாழ்ந்தே ஒலிக்கும்.

அதன் நெற்று இனிப்பானது. ஆடு, மாடு, மான் யாவும் விரும்பித் தின்னும். ஆனால் உள்ளிருக்கும் வித்தின் உறை மிகக் கடினமானது. பல வித்துகள் செரிக்காமல் சாணத்தோடு வெளிப்பட்டு, முளைக்கும் ஆற்றலுடன் நிலத்தில் கிடக்கின்றன. குஜராத்தில் வேளாவதர் புல்வெளியில் நிகழ்த்தப்பெற்று 2013இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று வியப்பான செய்தியைத் தருகிறது. துணை தேடும் பருவத்தில் ஆண் வெளிமான்கள் திறந்தவெளியில் ஓரிடத்தில் கூடித் தத்தமக்கென எல்லை வகுத்துக்கொள்கின்றன. அதற்கு அடையாளமாக ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் புழுக்கையிடுகின்றன. அக்குவியல்களில் சீமைக் கருவேல வித்துகள் செறிந்து கிடந்தன! தான் கூடுவதற்கு எந்த வெளியை நாடிற்றோ, அதனையே புதராக்கும் வித்தை மான் தன்னையறியாமல் அங்கே விதைக்கிறது.

இனி நம் வயல்களுக்கு வருவோம். அறுவடை முடிந்ததும் இராமநாதபுரம் சீமையிலிருந்து கீதாரிகள் மந்தைகளை ஓட்டிவந்து, தஞ்சை வயல்களில் கிடை போடுவது நெடுநாள் வழக்கம். வழியெல்லாம் நெற்றைத் தின்றுவரும் ஆடுகள் எருவோடு வித்தையும் கொணரக்கூடும். அங்ஙனமாயின் நம் நன்செய் ஏன் முட்காடாகவில்லை? வித்து வந்து விழுவது வேறு, வேரூன்றுவது வேறு. சேற்றுழவும் தேங்கிய நீரும் அதன் இளஞ்செடியை வாழவிடுவதில்லை. மரம் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் ஒதுங்கி நிற்கிறது. ஆகவே நம் ஊரில் இம்மரத்தைத் தடுத்து நிறுத்துவது அரிவாளைவிடக் காவிரிநீரே என்பது என் எண்ணம்.

2016ஆம் ஆண்டில் மழையும் பொய்த்து ஆறும் வறண்டபொழுது, எங்கள் வயலில் ஒரு பகுதி தரிசாகக் கிடந்தது. மறு கோடையில் போய்ப் பார்த்தேன். முன்பு ஆட்டுக்கிடை இருந்த மூலையில், முழங்கால் உயரத்தில், முள்ளும் தளிருமாக ஏழெட்டுச் செடிகள் நின்றன. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் மரம் அது. எனவே மண்வெட்டி கொண்டு வேரோடு அகழ்ந்தோம். ஒரு பகற்பொழுது முழுவதும் பிடித்தது.