மதமாற்றமும் சீடத்துவமும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் விழாவில் சமயப் பொருள் பற்றிப் பேசுதல் பொருந்துமா எனச் சிலர் ஐயுறலாம். இச்சங்கத்தில் கிறிஸ்தவரும் உளர், பிறரும் உளர். ஆயினும் நம் முன்னோருள் பலர் ஏன் மதம் மாறினர், மாறிய பின் நாம் என்ன ஆனோம் என்னும் வினா நம் அனைவருக்கும் பொதுவானது. “பாட்டன் காலத்திலேயே வேதத்தில் சேர்ந்தோம், சாதி போயிற்றா?” என்று நம் இளைஞர்கள் கேட்கின்றனர். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை காண முயல்வதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் சொற்களை நோக்குவோம். சீடன் என்பதற்குப் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லின் பொருள் ‘கற்பவன்’ என்பதே. நம் மொழியில் சொன்னால் மாணாக்கன். அச்சொல் புதிய ஏற்பாட்டில் 250 தடவைகளுக்கு மேல் வருகின்றது. ‘கிறிஸ்தவன்’ என்ற பெயரோ மூன்றே இடங்களில்தான் வருகின்றது. மத்தேயு நற்செய்தியின் இறுதியில் உள்ள இயேசுவின் கட்டளையிலும், கிரேக்க வாக்கிய அமைப்பின்படி, ஏவலாக அமைந்த வினை ‘சீடராக்குதல்’ ஒன்றே. ஞானஸ்நானம் கொடுத்தலும் கற்பித்தலும் அதனைச் சார்ந்து நிற்பவை.

பள்ளிக்கூடத்தில் பணியாற்றும் நம்மைப் போன்றோருக்கு இது எளிதில் விளங்கும். சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு பிள்ளையின் பெயரை எழுதுதல் ஒரு நாள் வேலை. பெயர் ஏறிய அளவிலே எப்பிள்ளையும் கற்றவனாகிவிடுவதில்லை. அதற்காகப் பெயர் எழுதுதலை அற்பமாக எண்ணுவதற்கும் இல்லை. எந்தப் பதிவேட்டிலும் தம் பெயர் ஏறாதிருந்த நம் முன்னோருக்கு, ஒரு சபையின் பதிவேட்டில் பெயர் ஏறியதே பெரும் மாற்றம். மதமாற்றம் சேர்க்கை, சீடத்துவம் படிப்பு. சேர்க்கையின்றிப் படிப்பு இல்லை. படிப்பின்றிச் சேர்க்கைக்குப் பயன் இல்லை.

இப்படிப்பு எளிதன்று என்பதற்குத் திருமறையே சான்று. பேதுரு தலைமைச் சீடர். தீண்டத்தகாதவர் என யூதர் ஒதுக்கிய புறவினத்தானாகிய கொர்நேலியுவின் வீட்டுக்குள் நுழைந்து, கடவுள் ஆள்பார்த்து நடப்பவர் அல்லர் என்பதை அறிந்தவர். அதே பேதுரு அந்தியோகியாவில் புறவினத்தாரோடு ஒரே பந்தியில் உண்டு வந்தார். எருசலேமிலிருந்து தம் இனத்தார் சிலர் வந்தவுடன் அஞ்சிப் பந்தியை விட்டு விலகிக்கொண்டார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் நேருக்கு நேர் கண்டித்ததைக் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் காண்கிறோம். பேதுருவின் நம்பிக்கையில் பவுல் ஐயம் கொள்ளவில்லை. அவருடைய நடத்தையையே கண்டித்தார். சீடத்துவத்தின் தேர்வு ஆலயத்தில் மட்டும் நடப்பதன்று, பந்தியிலும் நடக்கின்றது. அத்தேர்வில் தலைமை மாணாக்கரே ஒருமுறை தவறினார்.

இனி, நம் மக்கள் சோற்றுக்காகவே மதம் மாறினர் என்னும் பழிச்சொல்லைப் பார்ப்போம். ஆந்திர நாட்டு ஓங்கோலில் 1867ஆம் ஆண்டு எட்டுப் பேருடன் ஒரு சபை தொடங்கியது. அமெரிக்க பாப்டிஸ்டு மிஷனெரியான ஜான் எவரெட் கிளஃப் அதன் பொறுப்பாளர். தோல் தொழில் செய்த மாதிகர் அச்சபையை நாடினர். மாதிகரைச் சேர்க்காவிட்டால் தாங்கள் வருவதாக மேல்சாதியார் சிலர் கூறியபோதும், கிளஃப் மாதிகரைத் தள்ள இணங்கவில்லை. பின்னர் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. கிளஃப் பக்கிங்காம் கால்வாய் வெட்டும் பணியில் ஒரு பகுதியை ஒப்பந்தமாக ஏற்றுப் பசித்த மக்களுக்கு வேலை கொடுத்தார். ஆனால் சோறும் கூலியும் கொடுத்த அக்காலத்தில் எவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்துவிட்டார். நிவாரணப் பணி ஓய்ந்த பின்னும் மக்கள் திரண்டு வந்தனர். 1878 ஜூலை 3ஆம் நாள் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றனர்.

அவர்களுக்கு விதிக்கப்பட்ட ஒழுங்குகள் மூன்று: ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யலாகாது, செத்த மாட்டின் இறைச்சியை உண்ணலாகாது, சிலைகளை வணங்கலாகாது. கேட்பதற்கு இவை எளியவை. அடிமை வேலை செய்தவன் வாரத்தில் ஒருநாள் நிமிர்ந்து நின்று, “இன்று வரமாட்டேன்” என்று சொல்வதன் பொருளை நம் பாட்டிமார் அறிவர். நிலக்கிழாருக்கு உரியதென எண்ணப்பட்ட உடல் தனக்குரியது என்பதை அவன் கற்றுக்கொண்ட முதற் பாடம் அது.

நம் தமிழகத்திலும் ஒரு சான்று உண்டு. இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மயிலாடியைச் சேர்ந்த மகராசன் என்பார் நம்மைப் போல ஒடுக்கப்பட்ட குலத்தினர். சிதம்பரத்திற்குத் தலயாத்திரை சென்றவர், தஞ்சையில் உறவினர் வழியாக நற்செய்தியைக் கேட்டு, வேதமாணிக்கம் என்னும் பெயருடன் ஞானஸ்நானம் பெற்றார். அதனோடு அவர் நின்றுவிடவில்லை. ஊர் திரும்பித் தம் மக்களுக்கு அறிவித்தார். கற்பிக்க ஆள் வேண்டுமென விடாது கேட்டார். 1806ஆம் ஆண்டு ரிங்கல்தௌபே ஐயர் வந்தார். 1809ஆம் ஆண்டு மயிலாடியில் ஆலயம் எழுந்தது, பள்ளியும் தோன்றியது. 1816இல் ஐயர் விடைபெற்றபோது சபையின் பொறுப்பு வேதமாணிக்கத்தின் தோள்மேல் வந்தது. 1818இல் அடுத்த மிஷனெரி வரும் வரை அவர் அதனைச் சுமந்தார். ஞானஸ்நானம் பெற்றவர் சீடரானார், சீடர் ஆசிரியரானார். மதமாற்றம் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அங்ஙனமாயின் சாதி ஏன் போகவில்லை? உண்மையை மறைப்பதில் பயனில்லை. 1833ஆம் ஆண்டு கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே கூடாதென ஆணை பிறப்பித்தார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் மேல்சாதிக் கிறிஸ்தவர் பலர் அதனை ஏற்க மறுத்து வெளியேறினர். தலைமுறை தலைமுறையாக ஞானஸ்நானம் பெற்றிருந்த குடும்பத்தினர் அவர்கள்! நெடுங்காலம் கழித்து, 2016ஆம் ஆண்டு இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட கொள்கை அறிக்கையும் திருச்சபைக்குள் தலித் மக்களுக்கு இழைக்கப்படும் வேற்றுமையை ஒப்புக்கொண்டது. கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பிய சபைகளும் உண்டு. அச்சுவரை எழுப்பியோரின் பெயர்கள் சேர்க்கைப் பதிவேட்டில் உள்ளன. அவர்கள் பாடம் படிக்கவில்லை.

வெளியிலும் இடர் உண்டு. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. ஆகவே நம் மக்களுள் சிலர் ஆலயத்தில் ஒரு பெயரும் சான்றிதழில் ஒரு பெயருமாக வாழ்கின்றனர். அவர்களை இகழ்தல் நமக்கு அழகன்று. வழியடைத்த சட்டத்தை மாற்றக் குரல் கொடுத்தலே அழகு.

கிறிஸ்தவராக மாறியோரின் இந்நிலையை அண்ணல் அம்பேத்கர் ஆராய்ந்து எழுதியுள்ளார். 1935இல் இந்துவாகச் சாகமாட்டேன் என அறிவித்தவர், 21 ஆண்டுகள் சிந்தித்து, 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பௌத்தம் தழுவினார். அன்று மக்களுக்கு அவர் வழங்கியவை 22 உறுதிமொழிகள். மதம் மாறினால் மட்டும் போதாது, வாழ்வும் மாற வேண்டும் என அவர் கண்டதையே நாம் சீடத்துவம் என்கிறோம். வேறு சமயத்தாரிடமிருந்தும் இதனைக் கற்றுக்கொள்வதில் கிறிஸ்தவர்க்குக் குறைவில்லை.

இளைஞர்களே! இதுவரை பிறர் குறையைப் பேசினோம். இனி நம் குறையைப் பேசுவோம். நம் தெருவுக்குத் துணி வெளுத்துக் கொடுத்த புதிரை வண்ணார் இல்லத்தில் நாம் அமர்ந்து உண்டதுண்டா? அவர் வீட்டுப் பெண்ணை மருமகளாக ஏற்க நம்மில் எத்தனை பேர் முன்வருவோம்? நம் விருந்துகளில் அவர்களுக்குத் தனியே சோறு எடுத்துக் கொடுத்தனுப்பிய வழக்கத்தை நாம் கண்டிருக்கிறோம். கண்டும் வாய் திறவாதிருந்திருக்கிறோம். நம்மை ஒதுக்கியவரைப் பற்றி நாம் கூறும் ஒவ்வொரு சொல்லும் அந்நேரத்தில் நம்மையே சுட்டும். அந்தியோகியாவில் பேதுரு எழுந்து போன பந்தி தொலைவில் இல்லை. நம் தெருவிலேயே விரிக்கப்படுகின்றது.

“சாதி போயிற்றா?” என்ற கேள்விக்கு விடை இதுவே: சேர்ந்த நாளில் அது போகாது; கற்கக் கற்கவே போகும். கற்பதை எவன் நிறுத்துகிறானோ, அவனிடம் அது மீண்டும் வந்து தங்கும். நம் முன்னோர் செய்த மதமாற்றம் பொய்யன்று. அவர்கள் தொடங்கிய படிப்பை நாம் பாதியில் நிறுத்தியதே குறை.

ஆகவே இவ்விழாவில் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். இச்சங்கத்தின் உதவியால் படித்துப் பணியில் அமர்ந்த ஒவ்வொருவரும், வேதமாணிக்கத்தைப் போல ஊர் திரும்பி, ஒரு பிள்ளைக்கேனும் எழுத்தறிவிக்க வேண்டும். அடுத்த ஆண்டு உதவித்தொகைப் பட்டியலில் புதிரை வண்ணார் வீட்டுப் பிள்ளைகளின் பெயர்கள் முதலில் இடம்பெற வேண்டும். சங்க விருந்தில் அவர்தம் பெற்றோர் நம்மோடு ஒரே பந்தியில் அமர வேண்டும். அன்று நாம் கிறிஸ்தவரென்றோ பௌத்தரென்றோ பிறரென்றோ பெயர் பெற்றிருப்பினும், பாடம் கற்றவராவோம்.