நாய்க்குக் காமாலை கண்டால்



விடியற்காலையில் உளியும் வாளியுமாக நாம் நிரைக்குப் புறப்படும்பொழுது, நமக்கு முன்னே ஓடுவது வீட்டு நாய்தான். இருட்டில் பாம்பையும் காட்டுப் பன்றியையும் முதலில் அறிந்து குரைப்பதும் அதுவே. அத்தகைய நாய் ஒருநாள் எழுந்திராமல் வாசற்படியிலேயே சுருண்டு கிடக்கிறது. சோற்றைத் தொடுவதில்லை, தண்ணீரை மட்டும் ஓயாமல் குடிக்கிறது, வாந்தி எடுக்கிறது. கண்ணின் வெள்ளையும் ஈறும் காதின் உட்புறமும் மஞ்சள் பூத்திருக்கின்றன. சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போகிறது. கல்லீரல் கடுமையாகத் தாக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு இவை அடையாளங்கள்.

இந்நிலையில் சிலர் நாயை அடித்துத் துரத்துகிறார்கள். சிலர் சாக்கில் கட்டிப் பெருஞ்சாலை ஓரத்தில் விட்டு வருகிறார்கள். பிள்ளைகளுக்குத் தொற்றிவிடுமே என்னும் அச்சமே இதற்குக் காரணம். அவ்வச்சம் முற்றும் பொய்யன்று. ஆயினும், துரத்துவதால் ஆபத்து குறைவதில்லை, பெருகவே செய்கிறது.

நாயின் கல்லீரல் கெடுவதற்குக் காரணங்கள் பல உண்டு. பூஞ்சை பிடித்த கடலையோ சோளமோ தின்றாலும் கெடும். காய்ச்சலென்று எண்ணி நாம் கொடுக்கும் பனடோல் மாத்திரையாலும் கெடும். ஆனால் தோட்டப்புறங்களில் முதலில் ஐயுற வேண்டியது எலிச் சிறுநீர்க் காய்ச்சலையே. மருத்துவர்கள் இதனை லெப்டோஸ்பைரோசிஸ் என்பர். இதன் கிருமி எலியின் சிறுநீரகத்தில் குடியிருந்து, எலிக்கு யாதொரு துன்பமும் செய்யாமல், அதன் சிறுநீரோடு சாக்கடையிலும் சேற்றிலும் கலக்கிறது. நாய் அந்நீரைக் குடிக்கும்பொழுதோ, காலிலுள்ள புண்ணின் வழியாகவோ கிருமி உட்புகுந்து, கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்குகிறது. பின்னர் நாயின் சிறுநீரிலும் அதே கிருமி வெளிவருகிறது. மருந்தின்றி அலையும் நாய், பிழைத்துக்கொண்டாலும், வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில், அதனைச் சிந்திக்கொண்டே திரியும். வெறுங்காலோடு நாம் நடக்கும் நிரையிலும், பிள்ளைகள் விளையாடும் கால்வாய் ஓரத்திலுந்தான் அது சிந்தும்.

இது மனிதரையும் கொல்லவல்ல நோய். 2010ஆம் ஆண்டில் பகாங் மாநிலத்து லூபுக் யூவில், நீரில் மூழ்கியவரைத் தேடச் சென்றோரிடையே இக்காய்ச்சலும், மெலியோய்டோசிஸ் என்னும் மற்றொரு நோயும் கண்டு, எட்டுப் பேர் மாண்டனர். அவ்வாண்டு முதல் மலேசியாவில் இது சுகாதார அதிகாரிகளுக்குக் கட்டாயமாக அறிவிக்கப்பட வேண்டிய நோயாகும்.

ஆகவே, நாயைக் கட்டி வைத்து மருத்துவம் பார்ப்பதே நாய்க்கும் நல்லது, நமக்கும் காப்பு. மஞ்சள் தெரிந்த அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். செலவை எண்ணித் தயங்குவோர் முதலில் அரசாங்கக் கால்நடை மருத்துவமனையில் விசாரிப்பது நலம். கிருமிக்கொல்லி மருந்தை முறையாகக் கொடுத்தால் சிறுநீரில் கிருமி வெளிவருவது நின்றுவிடும். வழக்கமாக டாக்ஸிசைக்ளின் இரண்டு வாரங்களுக்குத் தரப்படும். நாய் தெளிந்துவிட்டதென்று ஐந்தாம் நாளே மாத்திரையை நிறுத்திவிடலாகாது. கீழாநெல்லியை நம்பும் பெரியவர்கள் நம்மிடையே பலர் உளர். அவர்களோடு வாதிட நமக்கு விருப்பமில்லை. ஆனால் அதனை அரைத்துக் கொடுத்துக்கொண்டே மருத்துவரிடம் போகாமல் கழியும் மூன்று நாள்தான் நாயைக் கொல்கிறது.

கல்லீரலுக்கு ஓர் அரிய இயல்பு உண்டு. பாதிக்கு மேல் வெட்டி எடுத்தாலும், எஞ்சிய பகுதி நலமாயிருந்தால், அது மீண்டும் வளர்ந்துவிடும். அதற்குக் காலமும் உணவும் வேண்டும். குழைந்த சோற்றில் அவித்த முட்டையோ தோல் நீக்கிய கோழியோ பிசைந்து, நாளுக்கு நான்கைந்து முறை சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். கருவாடும் எண்ணெய்ப் பண்டமும் கூடா. உண்டபின் நாய் நிலை தடுமாறிச் சுற்றிச் சுற்றி வந்தாலும், சுவரில் தலையை முட்டி நின்றாலும், கல்லீரல் நீக்கவேண்டிய நஞ்சு மூளைக்கு ஏறிவிட்டது என்று பொருள். உடனே மருத்துவரிடம் திரும்ப வேண்டும்.

நாயைச் சாக்கடைக்கு அப்பால் உலர்ந்த நிழலில் கட்டுக. கவனிப்பவர் ஒருவராகவே இருப்பது நன்று; கர்ப்பிணிகளும் பிள்ளைகளும் அண்டக்கூடாது. இரப்பர் கையுறையும் மூடிய காலணியும் அணிந்து, சிறுநீர் பட்ட இடத்தில் ஒரு பங்கு வெளுப்பு நீருக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பின் வெயிலில் காயவிடுக. ஈரத்தில் வாழும் இக்கிருமி உலர்ந்தால் மடிந்துவிடும். வீட்டில் யாருக்கேனும் காய்ச்சலும், கெண்டைக்காலில் கடும் வலியும், கண் சிவப்பும் கண்டால் உடனே கிளினிக்கிற்குச் சென்று, நாய்க்கு நோய் வந்த செய்தியை மறவாமல் சொல்ல வேண்டும். நாம் சொல்லாவிடில் மருத்துவர் டெங்கியென்று மட்டும் எண்ணிவிடக்கூடும்.

எல்லா நாயும் பிழைப்பதில்லை. சிறுநீரகமும் செயலிழந்து, இனி வழியில்லை என்று மருத்துவர் கூறினால், ஊசி போட்டு அதன் வேதனையை முடிக்க இசைவது துரோகமாகாது. கிணற்றுக்கும் ஆற்றுக்கும் தொலைவில் ஆழமாகப் புதைத்துவிடுக.

வீட்டிலுள்ள மற்ற நாய்களுக்குத் தடுப்பூசி உண்டு: சில வார இடைவெளியில் இரண்டு முறை, பிறகு ஆண்டுக்கொரு முறை. அதுவும் இக்கிருமியின் எல்லா வகைகளையும் தடுப்பதில்லை. எனவே, நாய்க்கு வைத்த சோற்றில் மீந்ததை இரவில் வெளியே விட்டுவைக்காமல் எடுத்துவிடுக. எலி அதைத் தேடியே வருகிறது.